ஒரு பொட்டு இல்லாத வானம்

அந்தச் சேர்ல உக்காராதீங்க டீச்சர், அதுக்கு ஒரு கால் ஆடும். படம் எடுக்க வாற பிள்ளைகளுக்குன்னே வச்சிருந்தது. விழுந்துருவோம்னு பயந்து அசையாம இருக்கும்லா. இங்கன வாங்க, ஃபேனுக்குக் கீழே.

லீதியா அனுப்பினாளா? அப்பாகிட்ட ராக்கெட் படம் இருக்கு, போய்க் கேளுங்கன்னாளா? வேற ஒண்ணும் சொல்லலையா? சொல்ல மாட்டா. என் மகதான், எனக்குத் தெரியாதா. கலெக்டர் ஆபீஸ்ல முப்பத்திரண்டு வருஷம் டைப் அடிச்சவ. அத்தனை காகிதத்தையும் வாசிச்சுட்டு வாயை மூடிக்கிட்டு வீட்டுக்கு வந்து பழகினவ.

இந்தாங்க, இதுதான். வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பாருங்க. நடுவுல வெள்ளையா வளைஞ்சு வளைஞ்சு போகுதுலா, அதுதான் ராக்கெட் விட்ட மேகம். நேர்ல ஆரஞ்சு நிறம். கலர் ஃபிலிமுக்கு அப்ப நாம எங்க போக. மேகத்தை விடுங்க, வானத்தைப் பாருங்க. ஒரு பொட்டு உண்டுமா? ஒரு கீறல் உண்டுமா? துடைச்சு வச்ச சிலேட்டு மாதிரி இருக்கா? இப்படி ஒரு வானம் எடுக்க இன்னைக்கு இந்த ஊர்ல ஒரு பய கிடையாது.

என்ன டீச்சர், படத்தைக் கண்ணுகிட்ட கொண்டு போய்த் தேடுதீங்க. நட்சத்திரம் எங்கன்னா கேக்கீங்க? இருங்க, அதுக்குத்தானே வாறேன்.

முதல்ல ஒண்ணு பேசிக்கிடுவோம். உங்க ஸ்கூல் கண்காட்சியில இதை வைங்க, சந்தோஷம். ஆனா கீழே 'படம்: ஜெபமணி, ஜெபமணி ஸ்டுடியோ, பாளையங்கோட்டை'ன்னு போடணும். தாணுமாலயன்னு ஒரு பேரு அதுல வரக் கூடாது. வந்துச்சுன்னா நானே வந்து கழட்டிட்டுப் போயிருவேன். எண்பத்தி நாலு வயசு, ஏணி ஏற மாட்டான்னு நினைச்சுராதீங்க.

தாணுமாலயன் யாரா? அவனைப் பத்தித்தான் சொல்லப் போறேன். நாகர்கோயில் பக்கத்துக்காரன். என் சோட்டுப் பையன், ஒத்த வயசு. ராக்கெட் ஆபீஸ்ல அசிஸ்டென்ட். என் வீட்டுச் சோத்தை ஒரு மாசம் தின்னுட்டு என் பேரை இல்லாம ஆக்கினவன். போன வருஷம் செத்துப் போனான். செத்தவனைப் பேசக் கூடாதும்பாங்க. நான் அவன் உசிரோட இருக்கும்போதே பேசினவன், அதனால பேசலாம்.

அறுபத்தஞ்சாம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்தி. திருவனந்தபுரத்துக்கு அங்கிட்டு, கடற்கரையில ராக்கெட் விட்டுக்கிட்டு இருந்தாவ. நிலாவுக்குப் போறதெல்லாம் இல்லை. ஒரு தென்னைமர உசரம் தேறாத ராக்கெட்டு. அது மேல போய் சோடியத்தை ஆவியாக்கித் தள்ளும். சாயங்காலம், நமக்கு இங்க இருட்டினாலும் அம்மாம் உசரத்துல வெயில் இருக்கும்லா, அந்த நேரத்துல விடுவாவ. ஆவி வெயில்பட்டு மின்னும். மேல காத்து எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கம் போகும். அதைப் படம் பிடிச்சு, நூறு மைல் உசரத்துல காத்து என்ன செய்யுதுன்னு கண்டுபிடிக்கணுமாம். நீங்க சயின்ஸ் டீச்சரு, உங்களுக்கு நான் என்ன சொல்ல.

அதுக்கு மூணு ஊர்ல கேமரா வைக்கணும். அதுல ஒண்ணு நம்ம ஊரு. ஒரு பள்ளிக்கூடத்து மொட்டைமாடியைக் கேட்டு வாங்கியிருந்தாவ. அங்க கேமராவோட வந்து இறங்கினவன்தான் தாணு. கேமராவா அது? ரெண்டு பேரு தூக்கணும். சண்டைக் காலத்துல ஏரோப்ளேன்ல வச்சிருந்த கேமராவாம். ஃபிலிமே உள்ளங்கை அகலம். எடுத்த படத்தைக் கழுவ இருட்டறை வேணும்லா, விசாரிச்சுக்கிட்டு என் கடைக்கு வந்தான். அப்ப எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். லாட்ஜுல எதுக்குய்யா காசைக் கொட்டுதே, நம்ம வீட்டுல இருன்னேன். இருந்தான்.

ஏன் ஒரு மாசம்னு கேளுங்க. மூணு ஊர்லயும் ஒரே நேரத்துல வானம் தெளிஞ்சு இருக்கணும். இங்க தெளிஞ்சா அங்க மேகம், அங்க தெளிஞ்சா இங்க தூத்தல். ஒரு ஊர்ல மூடியிருந்தாலும் ராக்கெட் கிடையாது. தினம் அஞ்சு மணிக்கு நானும் அவனும் மாடி ஏறுவோம், ஏழு மணிக்கு இறங்குவோம். வீட்டுக்கு வந்தா என் சம்சாரம் "போச்சா?"ம்பா. "போகலை"ம்போம். "சரி, கையைக் கழுவிட்டு வாங்க"ம்பா. சைவக்காரப் பையன், மீன் வாடை ஆகாது. அவனுக்காக அவ ஒரு மாசம் மீன் சட்டியை அடுப்புல ஏத்தலை, பாத்துக்கிடுங்க. நல்ல நெய்மீன் வாற மாசம். அதை விட்டுக்குடுத்தேன் நான் அவனுக்கு.

மாடியில சும்மா இருக்கணும்லா, அவன் வானத்தைக் காட்டிப் பாடம் நடத்துவான். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு பேரு சொல்லுவான். "எல்லாம் மைல்கல்லு, மக்கா"ம்பான். "ரோட்டுல ஒரு லாரி எங்க நிக்குன்னு எப்படிச் சொல்லுவே? பக்கத்து மைல்கல்லைப் பாத்துத்தானே? அதே மாதிரி, மேகம் எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்துல நிக்குன்னு மூணு ஊர்ல இருந்தும் பாத்தாப் போதும், உசரமும் கிடைச்சிரும், காத்து வேகமும் கிடைச்சிரும்." நல்லாத்தான் பேசுவான். எனக்குப் பாதி காதுல ஏறும், பாதி ஏறாது. நான் அந்தக் கேமராவைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். அப்படி ஒரு லென்ஸை அதுக்கு முந்தியும் பாத்ததில்லை, பிந்தியும் பாத்ததில்லை.

ஒரு நாள் அவனே சொன்னான். "அங்க போட்டோகிராபர் வேலை ஒண்ணு வருது மக்கா, உன் பேரைச் சொல்லி வச்சிருக்கேன். இந்தப் படம் நல்லா வந்துட்டா எவனும் தட்ட முடியாது." நான் கேட்கலை, டீச்சர். அவனாச் சொன்னது. அன்னைக்கு என் சம்சாரம் பாயசம் வச்சா. சர்க்கார் வேலை, கடற்கரையில குவார்ட்டர்ஸ், பெரிய கேமரா. எனக்குத் தூக்கமே வரலை.

இருபத்தெட்டாம் நாள் போச்சு ராக்கெட். போன் கீழே ஹெட்மாஸ்டர் ரூம்ல. டிரங்க் கால்ல அங்கேருந்து நேரம் சொல்லுவாவ, அதைப் பிசகாமக் குறிக்கணும். அதனால அவன் கீழே போனைக் காதுல வச்சுக்கிட்டு மாடிப்படி வழியாக் கத்துவான். நான் மேல. "விட்டாச்சு"ன்னான். மேற்கே பாத்துக்கிட்டு நிக்கேன். முதல்ல ஒண்ணையும் காணோம். அப்புறம் வானத்துல ஒரு ஆரஞ்சுக் கோடு. அது நெளிஞ்சு, வீங்கி, சுருண்டு பெருசாகுது. தெருவுல அத்தனை பேரும் வெளியில வந்துட்டாங்க. எங்க பாஸ்டரோட அம்மா, ஆண்டவர் வாறாருன்னு முட்டுப் போட்டு ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டா. நான் கேமராவை விட்டு நகரலை. அவன் கீழேருந்து "எடு"ம்பான், நான் எடுப்பேன். ஆறு படம். அமுக்கினது இந்த விரல். அவன் அந்த மேகத்தைக் கண்ணால கூட முழுசாப் பாக்கலை, போனை விட்டுட்டு அவன் மேல வாறதுக்குள்ள பாதி கரைஞ்சு போச்சு. இதை எழுதிக்கிடுங்க.

உடனே கடைக்கு வந்து ஃபிலிமைக் கழுவினோம். ஈரத்தோட தூக்கிப் பாத்துட்டு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். "எல்லாம் கிடைச்சிருச்சு மக்கா, நாங்க நினைச்சதை விட ஜாஸ்தி"ன்னான். கண்ணுல தண்ணி. காலையில அவன் போஸ்ட் ஆபீஸுக்கு டிரங்க் கால் போடப் போயிட்டான். ரெண்டு மணி பஸ்ஸுல ஃபிலிமோட திருவனந்தபுரம் போகணும். "நல்லாக் காயட்டும், பத்திரமாப் பாத்துக்கோ"ன்னு என்கிட்டதான் சொல்லிட்டுப் போனான். என்கிட்டதான் சொன்னான். அதை மறந்துராதீங்க.

காய்ஞ்ச ஃபிலிமை எடுத்துக் கண்ணாடிப் பெட்டி மேல விரிச்சு, அடியில லைட்டைப் போட்டேன். படம் பூரா கறுப்புப் பொட்டு. மிளகைத் தூவி விட்ட மாதிரி. நெகட்டிவ்ல கறுப்புன்னா படத்துல வெள்ளையா விழும்லா. என்னன்னு எனக்குப் பாத்த உடனே விளங்கிட்டு. ஃபிலிம் கழுவுற மருந்தை வடிகட்டலை. அந்தச் சந்தோஷத்துல பழைய மருந்தை மண்டியோட ஊத்திட்டேன், மண்டி ஃபிலிம்ல ஒட்டிக்கிட்டு. என் தப்பு. என் கடையில நடந்த தப்பு. நேத்துக் கட்டிப் பிடிச்ச பையன் ராத்திரி அரை வெளிச்சத்துல கவனிக்கலை, அங்க கொண்டு போய் விரிச்சான்னா அவன் வேலைக்கு உலை, என் வேலையும் கோவிந்தா.

மணி எட்டு. கடைக் கதவை உள்ளாறப் பூட்டினேன். பாதி பிளேடை எடுத்துக் கல்லுல தீட்டினேன். கல்யாணப் பொண்ணு முகத்துல வெள்ளையா மின்னுற எண்ணெய்ப் பளபளப்பை எடுக்கது எங்க தொழில், டீச்சர். நெகட்டிவ்ல பூசியிருக்க மருந்துத் தோல் மேல பிளேடை வச்சு, தோல் உரியாம, நிறம் மட்டும் போற மாதிரி சுரண்டணும். கொஞ்சம் அழுந்தினாலும் ஓட்டை. நம்ம ஜில்லாவுல என் கைக்கு ஈடு கிடையாது. ஒரு படத்துக்கு முப்பது, நாப்பது பொட்டு. ஆறு படம். பச்சைத் தண்ணி குடிக்காம ஒத்தக் கண்ணுல பூதக்கண்ணாடியை வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்தேன். ஒண்ணரை மணிக்கு முடிச்சு நிமிர்ந்தா கழுத்து திரும்ப மாட்டேங்குது. ஆனா வானம் சுத்தம். ஒரு படத்துல கூட ஒரு பொட்டு இல்லை.

அவன் ஓட்டமா வந்தான். பஸ் நிக்குதுன்னு அவசரம். நான் சுருட்டி டப்பாவுல போட்டுக் குடுத்ததை அப்படியே வாங்கிக்கிட்டான். "பாக்க வேண்டாமா"ன்னேன். "நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான்"ன்னுட்டுப் போனான். பொட்டு விழுந்ததை நான் சொல்லலை. எதுக்குச் சொல்லணும்? சரி பண்ணியாச்சே. ஊருக்குப் போய் விரிச்சுப் பாத்துட்டு, அடேயப்பா, என்னா கைன்னு ஒரு கடுதாசி போடுவான்னு இருந்தேன்.

இப்ப நீங்க கையில வச்சிருக்க படம் அன்னைக்கு நான் கடைக்குன்னு போட்டு வச்ச காப்பி. அவன் வாறதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு போட்டேன்.

கடுதாசி வரலை. பதினஞ்சு நாள். கிறிஸ்துமஸுக்கு வாறேன்னவன் வரலை. புது வருஷம் கழிச்சு ஒரு கவர் வந்துச்சு. உள்ளே இங்கிலீஷ்ல டைப் அடிச்ச காகிதம், கார்பன் காப்பி. அது கூட ஒரு துண்டுச் சீட்டு, தமிழ்ல ரெண்டே வரி. "இதைப் பத்திரமா வச்சுக்கோ. யாராவது வந்து கேட்டா இதைக் காட்டு." நலமான்னு இல்லை. என் சம்சாரத்தைத் தங்கச்சி தங்கச்சிம்பான், அவ எப்படி இருக்கான்னு இல்லை. வேலையைப் பத்தி ஒரு எழுத்து இல்லை.

நமக்கு அம்மாம் இங்கிலீஷ் ஏது. போஸ்ட் ஆபீஸ் கிளார்க்கிட்ட கொண்டு போனேன். கவுண்டர்ல கூட்டம், அவரு மேலேயும் கீழேயும் பாத்துட்டு, ஏதோ விசாரணைக்கு எழுதிக் குடுத்ததுன்னுட்டு, ஒரு வரியை மட்டும் தமிழ்ல சொன்னாரு. 'என்னைத் தவிர வேறு யாரும் இந்தப் படச்சுருளைத் தொடவில்லை.' கையெழுத்து, தாணுமாலயன். கேட்டீங்களா? வேற யாரும் தொடலையாம். பட்டனை அமுக்கினவன் நான், கழுவினவன் நான், ஆறு மணி நேரம் கண்ணு பூக்க உக்காந்தவன் நான். வேற யாரும் தொடலையாம். எனக்கு அதுக்கு மேல கேக்க வேண்டி இருக்கலை. காகிதத்தைப் பிடுங்கிக்கிட்டு வந்துட்டேன்.

அதை எனக்கே அனுப்பியும் வைக்கான் பாருங்க. யாராவது கேட்டா காட்டணுமாம். எம்புட்டு நக்கல். ரெண்டு வருஷம் போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டா வாசலுக்குப் போவேன். அந்த வேலைக்கு வேற யாரையோ போட்டுட்டாவன்னு பேப்பர்ல ராக்கெட் போட்டோவுக்குக் கீழே வேற ஒரு பேரைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். என் சம்சாரம் மறுபடி மீன் சட்டியை எடுத்து வச்ச அன்னைக்கு நான் சாப்பிடலை.

லீதியா பெருசாகி ஆபீஸ் போன பிற்பாடு அந்தக் காகிதத்தை அவகிட்ட குடுத்தேன். வாசிச்சா. ரெண்டு தடவை வாசிச்சா. "என்ன போட்டிருக்கான்"னு கேட்டேன். "அவர் பேருதாம்ப்பா இருக்கு, உங்க பேரு எங்கயும் இல்லை"ன்னா. நான் சொன்னதுதானே. ஆனா அன்னையில இருந்து அவனை நான் ஒரு வார்த்தை பேசினா எந்திரிச்சுப் போயிருவா. ஒரு நாள் மட்டும் சொன்னா, "அப்பா, நீங்க அழிச்சது நட்சத்திரம்ப்பா"ன்னு. நட்சத்திரமா இருந்தா என்ன? சாயங்காலம் நான் அங்கனதானே நின்னேன், என் கண்ணுக்கு நாலஞ்சுதான் தெரிஞ்சுது. கேமரா கண்ணைத் திறந்து வச்சா ஜாஸ்தி விழும், அது சரி. இருந்தாலும் அவங்க அனுப்பினது மேகத்தைப் படம் பிடிக்கத்தானே? மாப்பிள்ளை பொண்ணை எடுக்கும்போது பின்னாடி ஒரு கழுதை நின்னா, அதை வச்சா படம் குடுப்போம்? நீங்களே சொல்லுங்க.

படத்தையே திருப்பித் திருப்பிப் பாக்கீங்க. சரி.

அவனை அங்க ஸ்டோர்ல போட்டாவளாம். போல்ட்டு, நட்டு, கம்பி, எல்லாச் சாமானும் அவன் கையில. ரிட்டயர் ஆகுற வரைக்கும் அதே நாற்காலி. வெயில் இல்லை, மாடி ஏற வேண்டாம். கொழுத்த வேலைதான். என் ஆறு படத்தை வச்சு வாங்கினது.

ஒரே ஒரு தடவை வந்தான். ரிட்டயர் ஆன வருஷம். பொண்டாட்டியோட இந்த வாசல்ல வந்து நிக்கான். முடி பூரா நரைச்சுட்டு. பென்ஷன் பேப்பர்ல ஒட்டப் புருஷன் பொண்டாட்டி படம் வேணுமாம். நாகர்கோயில்ல ஸ்டுடியோவே இல்லையா, டீச்சர்? ரெண்டு மணி நேரம் பஸ்ஸுல குலுங்கிக்கிட்டு இங்க வரணுமா? என்னைக் கேலி பண்ணத்தானே வந்தான்? "நல்லா இருக்கியா மக்கா"ன்னான். "சேர்ல உக்காருங்க"ன்னேன். ஆடுற சேருதான். ரெண்டு பேரையும் எடுத்தேன். "என்னைத் தனியாவும் ஒண்ணு எடேன்"ன்னான். எடுத்தேன். எந்திரிக்கும்போது சிரிச்சுக்கிட்டே, "மச்சத்தை மட்டும் விட்டுரு மக்கா"ன்னான். அவனுக்கு இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு.

எப்படி இருக்கும் எனக்கு? முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு என் வாசல்ல வந்து என் தொழிலைக் குத்திக் காட்டுதான். அன்னைக்குச் சாயங்காலம் தனிப்படத்து நெகட்டிவை விரிச்சு வச்சு, சாயம் ஏத்தி மச்சத்தை எடுத்தேன். சுருக்கத்தை எடுத்தேன். நெத்தித் தழும்பை எடுத்தேன். என் கை என்னன்னு பாருன்னு அனுப்பி வச்சேன். அதுக்கும் பதில் இல்லை.

நான் ஒண்ணு கேக்கேன், டீச்சர். நான் தப்புச் செஞ்சேன்னே வச்சுக்கிடுங்க. வச்சுக்கிடுவோம், பேச்சுக்கு. வந்து திட்டியிருக்கலாம்லா? ஏல மடையா, என் வானத்தைக் கெடுத்துட்டியேன்னு செவிட்டுல ஒண்ணு விட்டிருக்கலாம்லா? நான் வாங்கிக்கிட்டு அழுதிருப்பேன். என் கூட ஒரு தட்டுல தின்னவன் அதைச் செய்யலை. ஒரு காகிதத்தை அனுப்பிட்டு ஊமையா இருந்துட்டான். அதுதான் துரோகம். எனக்கு அதுதான் ஆறலை.

அவன் செத்ததுக்கு லீதியா போனா. என்கிட்ட கேக்கலை, சொல்லிட்டுப் போனா. நான் பெத்த பிள்ளை. அங்க நடுவீட்டுல மாலை போட்டு வச்சிருக்கது நான் எடுத்த படமாம். கீழே ஸ்டுடியோ பேரு அச்சடிச்ச இடத்தை வெட்டிட்டு ஃபிரேம் போட்டிருக்காங்களாம். பாத்துக்கிடுங்க, அங்கயும் என் பேரு இல்லை.

அவன் பொண்டாட்டி, அந்தம்மா, லீதியாகிட்ட ஒண்ணு கேட்டு விட்டிருக்காவ. அதுக்கப்புறம் அவன் தனியாப் படமே எடுக்கலையாம். அந்தப் படத்தைப் பாத்தா யாரோ மாதிரி இருக்காம். மச்சம் இருக்க படம் ஒண்ணு கிடைக்குமா, அப்பாகிட்ட கேளும்மான்னு.

எங்க போக? நெகட்டிவ் இந்தா இருக்கு. ஊறின சாயம் ஊறினதுதான். சரி, படத்துல பிரஷ்ஷால வச்சுக் குடுத்துருவோம், ஒரு பொட்டுதானேன்னு போன மாசம் உக்காந்தேன். இந்தா பாருங்க, நாலு காப்பி. இது மூக்குக்குப் பக்கத்துல போயிட்டு. இது பெருசாயிட்டு. இது மையை எறிஞ்ச மாதிரி இருக்கு. இதுல இடம் சரி, அளவும் சரி, ஆனா அவன் இல்லை. அறுபது வருஷமா எடுத்துப் பழகின கை டீச்சர், வைக்கத் தெரியலை.

அந்தக் காகிதமா? இந்த உறையிலதான் இருக்கு, எடுத்துக்கிடுங்க. கார்பன் மங்கிட்டு, ஜன்னல் பக்கம் வச்சு வாசிங்க. அந்த வரி நடுவுல இருக்கும். மேலயும் கீழயும் என்னமோ இருக்கு, அதை நான் கேட்டுக்கிடலை.

என்ன, ரெண்டு தடவை வாசிக்கீங்க. லீதியாவும் இப்படித்தான்.

மடிச்சுக் குடுத்துட்டீங்களா. ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா. சரி, வேண்டாம், சொல்லாதீங்க. எனக்குக் காது அவ்வளவு கேக்கிறதில்லை.

பேனா வச்சிருக்கீங்களா? எழுதுங்க. படம், ஜெபமணி, ஜெபமணி ஸ்டுடியோ, பாளையங்கோட்டை. வேற யாரும் தொடலை.